குழாய் பூட்டுமுன் வரைபடம் காண்போம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

எங்களுக்கு முன் இம்மேடையில் பேசிய புலவர் பெருமக்கள் இலக்கியச் சோலையில் உங்களை உலவச் செய்தனர். அத்தகைய புலமை எங்களிடம் இல்லை. மெட்ரிகுலேஷன் தேறியதும் ஊரை விட்டு வந்து, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட எழுத்தர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் நாங்கள். செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் சொசைட்டியின் குழுவினர், 'நாம் பட்டதையும் கற்றதையும் நம்மவரிடம் சொல்லி வருக' என்று பணித்தமையால், அவர்கள் எல்லோருடைய சார்பிலும் இங்கு நிற்கின்றோம். எடுத்துக்கொண்ட பொருள், புதுக் கட்டடங்களில் தீத்தடுப்பு அமைப்புகளைப் பொருத்துவதற்கு முன்னர் அவற்றின் வரைபடங்களைப் பார்த்து ஆராய்தல் என்பது. திருவிழா நாளில் நெருப்பைப் பற்றிப் பேசலாமா என்று எவரேனும் முகம் சுளிப்பின், சற்றே பொறுத்தருள வேண்டுகின்றோம். இந்நாளுக்கும் நெருப்புக்கும் ஓர் உறவு உண்டு.

இக்காலத்தில் பெரும்பாலான ஆண்டுகளில் சித்திரைத் திங்கள் ஏப்ரல் 14ஆம் நாள் பிறக்கின்றது. அதே ஏப்ரல் 14ஐத்தான் இந்திய நாடு தீயணைப்புப் பணி நாளாகக் கொண்டாடுகின்றது. 1944ஆம் ஆண்டு அந்நாளில் இதே பம்பாயின் விக்டோரியா கப்பல்துறையில் 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தது. பிற்பகல் நான்கு மணிக்குமேல் எழுந்த இரண்டு பெருவெடிப்புகளில் கப்பல்துறையும் அதனை அடுத்த தெருக்களும் தரைமட்டமாயின. நூற்றுக்கணக்கான மக்கள் மாண்டனர். தீயை அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்களுள் அறுபதுக்கு மேற்பட்டோர் திரும்பி வரவில்லை.

அக்கப்பலில் இருந்த சரக்கு யாது? ஏறத்தாழ 1,400 டன் வெடிமருந்து ஒருபுறம். கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள் மறுபுறம். பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்த எந்த எழுத்தரைக் கேட்டாலும், எந்தச் சரக்கோடு எந்தச் சரக்கை வைத்தல் ஆகாது என்பதை ஒப்பிப்பார். வெடிமருந்துக்கு அருகில் பஞ்சை வைப்பது தகாது என்பதைக் காகிதத்தில் சரக்கின் பட்டியலைக் காணும்போதே சொல்லிவிட இயலும். அது சொல்லப்படாமற் போயிற்று. அல்லது சொன்னவர் சொல் ஏறாமற் போயிற்று. வருமுன் காத்துக்கொள்ளாதவன் வாழ்வுக்கு வள்ளுவப் பெருந்தகை, குற்றங்கடிதல் அதிகாரத்தில், நெருப்பின் முன் நிற்கும் வைக்கோற்போரை உவமையாக்கியதை நீங்கள் அறிவீர்கள். பெருந்தீக்கள் பலவும் முதலில் ஒரு காகிதத்தில்தான் பிறக்கின்றன. அங்கேயே அவற்றை அணைத்துவிட முடியும் என்பதே நாங்கள் இன்று சொல்ல வந்த ஒரே செய்தி.

அன்பர்களே! இச்செய்தி நமக்கு இன்று ஏன் வேண்டும்? நம் பாட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தபோது தங்கியவை தகரமும் ஓலையும் வேய்ந்த குடிசைகள். பின்னர் வந்தவர்களுக்குச் சால் எனப்படும் வரிசை வீடுகள் வாய்த்தன. மாதுங்காவிலும் செம்பூரிலும் இரண்டு மூன்று மாடிக் கட்டடங்கள் நம்மவர்க்கு இடமளித்தன. அவ்வீடுகளில் தீப்பிடித்தால் என் செய்தோம்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு சந்துக்கு ஓடினோம். அண்டை வீட்டார் குடத்தோடு ஓடி வந்தனர். சந்து குறுகியதுதான், தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லைதான், ஆயினும் கால் தரையில் இருந்தது.

இன்றோ காலம் மாறிவருகின்றது. பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டுப் பதினைந்து மாடி, இருபது மாடி என்று எழுகின்றன. தாராவியின் மறுசீரமைப்புக்கான பெருந்திட்டத்திற்கு 2025ஆம் ஆண்டு மே மாதம் மாநில அரசு ஒப்புதல் அளித்துவிட்டது. சந்தில் பிறந்து சந்தில் வளர்ந்த நம் மக்கள் ஆயிரக்கணக்கில் உயர்மாடிகளுக்குக் குடியேறப் போகின்றனர். அங்கே ஓடுவதற்குச் சந்து இல்லை. ஒரு படிக்கட்டுத்தான் உண்டு. மும்பைத் தீயணைப்புப் படையிடம் 90 மீட்டர் உயரம் எட்டும் ஏணி வண்டி இருக்கின்றது. அது பெருமைக்குரியதே. எனினும் அந்த வண்டி நிற்க அகன்ற இடம் வேண்டும். நெரிசலைக் கடந்து வந்து சேர நேரமும் வேண்டும். அதுவரையில் உயர்ந்த கட்டடம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் உடையதாக இருத்தல் வேண்டும். அவ்வாற்றல் சுவருக்குள் ஓடும் குழாயிலும், நிலத்தடியில் நிற்கும் பம்பிலும், கதவின் கீலிலும் இருக்கின்றது. அவையெல்லாம் முதலில் வரைபடத்தில் ஒரு கோடாக இருக்கின்றன.

இனி, எங்கள் குற்றம் ஒன்றைச் சபையறியச் சொல்லிவிடுகின்றோம். அதனைச் சொல்லாமல் அறிவுரை கூற எங்களுக்கு உரிமை இல்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பழைய கட்டடம் நான்கு மாடி கொண்டதாக இருந்தது. மொட்டைமாடியில் வேற்றார் புகுந்து குழாய்களைத் திருடுகின்றனர் என்று கூட்டம் கூடி, மாடிக் கதவைப் பூட்டிவைப்பதென முடிவு செய்தோம். சாவி, பொருளாளர் பொறுப்பில் இருந்த எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. படிக்கட்டின் அடியில் மின்மீட்டர்கள். அவற்றின் பக்கத்தில் பழைய பாய்களும் உடைந்த நாற்காலிகளும் கிடந்தன. அவற்றை அகற்ற வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசினோம். ஒவ்வொரு கூட்டத்திலும் மறந்தோம்.

ஒரு நாள் பின்னிரவில் அம்மீட்டர்ப் பெட்டி தீப்பற்றியது. தீ பெரிதன்று, தரைத்தளத்தைத் தாண்டவே இல்லை. ஆனால் புகை படிக்கட்டையே புகைபோக்கியாக்கிக்கொண்டு மேலே ஏறிற்று. நான்காம் மாடியில் இருந்தோர் கீழே இறங்க வழியின்றி மொட்டைமாடிக்கு ஓடினர். கதவு பூட்டியிருந்தது. எங்களுக்கு அன்று பார்சல் அலுவலகத்தில் இரவுப்பணி; வீட்டார் ஊருக்குச் சென்றிருந்தனர். பூட்டிய வீட்டுக்குள் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இளைஞர்கள் அம்மிக் குழவியால் பூட்டை உடைத்தனர். அதற்குள், ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு நடைக்கூடத்தில் அமர்ந்து தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்த முதிய ஆசிரியர் ஒருவர் புகையை மிகுதியாக உட்கொண்டுவிட்டார். எட்டாம் நாள் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது.

எவரும் எங்களைக் குற்றம் சாட்டவில்லை. ஆசிரியரின் துணைவியார், "எல்லாரும் சேர்ந்துதானே பூட்டச் சொன்னோம், தம்பி!" என்று எங்களைத் தேற்றினார். தேற்ற வேண்டியவர்கள் நாங்கள்; தேற்றியவர் அவர். அந்த ஆணி இன்றும் எங்கள் கண்ணில் நிற்கின்றது.

அக்கட்டடம் இப்பொழுது இடிக்கப்பட்டு, பதினெட்டு மாடிக்குப் புதியதொன்று எழுந்துகொண்டிருக்கின்றது. வேலை தொடங்கிய சில மாதங்களில், தீத்தடுப்புக் குழாய்கள் பொருத்துவதற்கான ஒப்பந்தம் முடியும் தறுவாயில், வரைபடங்களைப் பார்க்க வேண்டுமென்று எங்கள் குழு கேட்டது. கட்டுவோர் தரப்பினர் நகைத்தனர். "தீயணைப்புத் துறை ஒப்புதல் கொடுத்தாயிற்று. இனி நீங்கள் பார்க்க என்ன இருக்கிறது?" என்றனர்.

தோழர்களே! இங்கேதான் ஒரு நுட்பத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு கட்டடத்துக்கு வரைபடம் ஒன்றன்று, மூன்று. முதலாவது, ஒப்புதலுக்காக அதிகாரிகளிடம் கொடுப்பது. இன்ன உயரக் கட்டடத்துக்கு இன்ன அளவு தண்ணீர், இத்தனை படிக்கட்டு, இன்ன மாடியில் ஒதுங்கிடம் என்பது அதில் முடிவாகும். இரண்டாவது, வேலையாட்களின் கையில் கொடுப்பது. எந்தக் குழாய் எந்தச் சுவரைத் துளைத்துச் செல்லும், எந்த வால்வு எந்த மூலையில் நிற்கும் என்பதை அதுவே சொல்லும். மூன்றாவது, கட்டி முடித்தபின் உள்ளபடியே வரைந்து வைப்பது. மூன்றும் ஒன்றுபோல் இருக்குமாயின் நன்மை. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில்தான் பிழை நுழைகின்றது. ஒப்புதல் பெற்றது முதலாவது. நாங்கள் பார்க்கக் கேட்டது இரண்டாவது.

எங்கள் இரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. புதிய பாதை ஒன்றைப் போட்டுவிட்டால், அதில் உடனே பயணிகளை ஏற்றிவிட முடியாது. இரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து இசைவு தந்த பிறகே வண்டி ஓடும். 1989ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம் இதற்கு இடம் வகுத்துள்ளது. அந்த ஆணையர் இரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை; சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கின்றார். ஏன்? பாதை போட்டவனே பாதையைச் சோதித்தால் தன் பிழை தனக்குத் தெரியாது. இக்கருத்தை எடுத்துக் கூறியபோது, நேர்மையாளரான அவர்களுடைய பொறியாளர் ஒருவர், "நியாயம்தான்" என்று சொல்லி, பதினொரு தாள்களை எங்களிடம் கொடுத்தார்.

எங்கள் குழுவில் பொறியியல் கற்றவர் எவருமில்லை. ஒரு வங்கி ஊழியர், ஒரு தையற்காரர், இரயில்வே எழுத்தர், ஆசிரியரின் துணைவியாரான அம்மையார் என இத்தகையவர்களே இருந்தோம். அடுத்த தெருவில் வாழும் மராட்டியப் பெரியவர் ஒருவர் தீயணைப்புப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரை வேண்டி அழைத்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் எங்களோடு தரையில் பாய் விரித்து அமர்ந்தார். ஒரு காசும் பெற்றுக்கொள்ளவில்லை. காப்பி மட்டும் அருந்தினார். கண்ட பிழைகளைச் சொல்லுகின்றோம், கேளுங்கள்.

முதலாவது தண்ணீர். கீழ்த்தொட்டியில் குடிநீரும் தீயணைக்கும் நீரும் சேர்ந்தே இருந்தன. அது தவறன்று. ஆனால் வீடுகளுக்கு நீர் ஏற்றும் குழாயும் தீயணைப்புப் பம்புக்குச் செல்லும் குழாயும் தொட்டியின் அடியில் ஒரே மட்டத்தில் வரையப்பட்டிருந்தன. கோடைக் காலத்தில் நகராட்சி நீர் குறைந்தால், நாம் குளித்தும் துவைத்தும் தொட்டியை அடிவரை வற்றடித்துவிடுவோம். தீக்கென்று ஒரு குடமும் மிஞ்சாது. வீட்டுக்குழாயை உயர்த்தி வைத்தால், அந்த மட்டத்துக்குக் கீழுள்ள நீரை எவராலும் எடுக்க இயலாது. தீக்குரிய நீர் தீக்கே இருக்கும். காவலாளி வேண்டாம், அறிவிப்புப் பலகை வேண்டாம். குழாயின் உயரமே காவல். வரைபடத்தில் ஒரு கோட்டை மேலே நகர்த்தினார்கள், வேலை முடிந்தது.

இரண்டாவது பிழையைக் கண்டவர் அந்த அம்மையார். அவர் தாள்களைப் பார்க்கவில்லை. நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தீயணைப்புப் பம்பின் பெருமையை நாங்கள் விவரித்துக்கொண்டிருக்கையில் மெல்லக் கேட்டார்: "அன்றைக்கு வந்தவர்கள் முதலில் மெயினைத்தானே அணைத்தார்கள், தம்பி? மெயினை அணைத்தால் இந்தப் பம்பு எந்தக் கரண்டில் ஓடும்?"

மராட்டியப் பெரியவருக்கு அதனை இந்தியில் சொன்னோம். அவர் எழுந்து நின்று அம்மையாரைக் கும்பிட்டார். பின்னர் மின்சாரத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தால், பம்புக்குரிய கம்பி கட்டடத்தின் பொது மெயினுக்குப் பின்னால்தான் கிளை பிரிந்தது. தீப்பிடித்ததும் முதலில் செய்வது மின்சாரத்தைத் துண்டித்தல். துண்டித்த அக்கணமே தீயணைக்கும் பம்பும் நின்றுபோகும். எத்தகைய வேடிக்கை! பம்புக்கென்று மெயினுக்கு முன்னரே பிரியும் தனிக்கம்பி வேண்டும். மின்சாரமே இல்லையெனினும் ஓடுவதற்கு டீசலால் இயங்கும் மாற்று ஏற்பாடும் வேண்டும். இதனைப் பதினெட்டாம் மாடியில் ஒருநாள் கண்டுபிடிக்காமல் பாயில் அமர்ந்தபடி கண்டுபிடித்தோம்.

மூன்றாவது, ஸ்பிரிங்க்ளர் என வழங்கும் நீர்தெளிப்பான்கள். இவற்றைப் பற்றி நம்மவரிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. ஒரு வீட்டில் அடுப்பு புகைந்தால் கட்டடம் முழுதும் மழை பெய்து பாய் படுக்கை நனைந்துவிடும் என்று அஞ்சுகின்றனர். திரைப்படத்தில் அவ்வாறு காட்டுகின்றார்கள். உண்மை அதுவன்று. ஒவ்வொன்றின் வாயிலும் சிறு கண்ணாடிக் குமிழ் உண்டு. வீடுகளில் பெரிதும் பொருத்தப்படுவது 68 பாகை வெப்பத்தில் உடைவது. எதற்குக் கீழே தீ எரிகின்றதோ அதன் குமிழ் மட்டுமே உடைந்து நீரைச் சொரியும். ஏனையவை வாய் திறவா. புகைக்கும் அவை திறவா, வெப்பத்துக்கே திறக்கும்.

எங்கள் தாள்களில் இவை வரிசையாக அழகாக வரையப்பட்டிருந்தன. ஆனால் உத்தரங்களைக் காட்டும் தாள் வேறோர் அலுவலகத்தில் வரையப்பட்டது. நாங்கள் இரயில்வேயில் பழகிய முறைப்படி, இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். ஐந்து அறைகளில் நீர்தெளிப்பானுக்கு ஒட்டினாற்போல் உத்தரம் குறுக்கிட்டது. நீர் உத்தரத்தின்மேல் மோதி ஒருபுறம் வழிந்துவிடும், மறுபுறம் எரியும். இரண்டு அலுவலகங்களும் தத்தம் தாளைச் சரியாகவே வரைந்திருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

நான்காவது, தீயணைப்பு வண்டி தன் குழாயைப் பொருத்திக் கட்டடத்துக்குள் நீர் செலுத்தும் வாய். அது காம்பவுண்டின் பின்புறம், மின்மாற்றிக்கும் பூச்செடிப் பாத்திக்கும் இடையில் குறிக்கப்பட்டிருந்தது. அழகுக்காக அங்கே வைத்தனர் போலும். வண்டி அங்கே எப்படி வரும் என்று பெரியவர் கேட்டார். விடையில்லை. சாலையோரத்தில் வாயிலுக்கு அருகே மாற்றினார்கள்.

ஐந்தாவது, மின்கம்பிகள் கீழிருந்து மேலே செல்லும் கூண்டு. அது பதினெட்டு மாடிக்கும் ஒரே துவாரமாக இருந்தது. ஒவ்வொரு தளத்திலும் கம்பியைச் சுற்றித் தீத்தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும் என்ற குறிப்பே தாளில் இல்லை. அடைக்காத கூண்டு, எங்கள் பழைய படிக்கட்டைப் போன்றதே. புகை ஏறுவதற்கு நாமே கட்டிக்கொடுத்த ஏணி.

ஆறாவது மொட்டைமாடிக் கதவு. அதனைக் குறித்துக் கட்டுவோரிடம் பிழையில்லை. எங்கள் சொசைட்டியாரே பழையபடி பூட்டு வேண்டும் என்றனர். திருடர் பயம் தீரவில்லை. நாங்கள் எழுந்து பேச முயன்றோம், குரல் வரவில்லை. அம்மையார்தாம் பேசினார். "உள்ளிருந்து தள்ளினால் சாவியில்லாமல் திறக்கட்டும், வெளியிலிருந்து திறக்க வேண்டாம், திறந்தால் கீழே காவலாளியிடம் மணி அடிக்கட்டும்" என்றார். அத்தகைய பூட்டுக் கடையில் கிடைக்கின்றது. அதுவே தீர்மானமாயிற்று. எவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை.

இவையனைத்துக்கும் ஆன செலவு எவ்வளவு? தனிக்கம்பிக்கும் பூட்டுக்கும் சிறிது பணம். ஏனையவற்றுக்குப் பத்து நாள் தாமதமும் சில தாள்களும். இப்பிழைகளைச் சுவர் எழுந்தபின் கண்டிருப்பின், இடித்துத் துளைத்து மாற்ற எத்தனை இலட்சம் ஆகும்! குடியேறியபின் கண்டிருப்பின், அதற்கான விலையைப் பணத்தால் அளக்க இயலுமா? வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவதைப் பழிக்கின்றோம். வரைபடம் பார்க்கும் நாளே கிணறு வெட்டும் நாள் என்பதை மறந்துவிடுகின்றோம்.

இது எங்கள் ஒரு கட்டடத்தின் கதை மட்டுமன்று. 2018ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் மாலை, இதே செம்பூர்த் திலக் நகரில் 15 மாடிக் கட்டடம் ஒன்றின் 14ஆம் மாடியில் தீப்பிடித்தது. ஐவர் மாண்டனர், அவர்களுள் பெரும்பாலோர் முதியோர். அக்கட்டடத்தின் தீயணைப்பு அமைப்பு வேலை செய்யவில்லை என்று தீயணைப்புப் படையினர் தெரிவித்தனர். குழாய் இருந்தது, பயன் இல்லை. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் பின்னிரவில், கோரேகாவில் குடிசை மாற்றுத் திட்டத்தில் எழுந்த கட்டடமொன்றின் கீழ்த்தளத்தில், வாகனங்களும் துணிமூட்டைகளும் இருந்த இடத்தில் தீ எழுந்தது. மேலே உறங்கியோருள் ஏழுக்குக் குறையாத உயிர்கள் போயின. தாராவியிலிருந்து உயர்மாடிக்குச் செல்லவிருப்போர் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.

வரைபடம் சரியாக இருந்து, பின்னர் மாற்றியமைத்ததால் விளைந்த கேடும் உண்டு. 1997ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் புகையில் மூச்சுத் திணறி மாண்டனர். பால்கனியில் வெளியேறும் வழியை அடைத்துக் கூடுதல் இருக்கைகள் போடப்பட்டிருந்தன. செல்வமும் சட்டமும் மிக்க இலண்டனில் 2017ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் கிரென்ஃபெல் என்னும் 24 மாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் மடிந்தனர். அதனைப் புதுப்பித்தபோது வெளிச்சுவரில் பொருத்திய தகடுகள் தீயை வளர்ப்பவையாக இருந்தன. கும்பகோணத்துப் பள்ளியில் 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கருகிய 94 பிஞ்சுகளை எந்தத் தமிழன் மறப்பான்? கீழே கூரைவேய்ந்த சமையற்கூடம், மேலே குழந்தைகள், இறங்கக் குறுகிய படிக்கட்டு. வைக்கோற்போரும் நெருப்பும் அருகருகே இருந்ததைக் காகிதத்தில் கண்டு தடுத்திருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர்!

'சட்டம் இல்லையா?' என்று கேட்பீர்கள். உண்டு. மகாராட்டிர மாநிலத்தில் 2006ஆம் ஆண்டின் தீத்தடுப்பு மற்றும் உயிர்க்காப்புச் சட்டம் நடப்பில் இருக்கின்றது. உரிமம் பெற்றவரைக் கொண்டே இவ்வமைப்புகளைப் பொருத்த வேண்டும். அவை நல்ல நிலையில் உள்ளன என்ற சான்றை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அளித்தல் வேண்டும். அந்தப் பொறுப்பை அச்சட்டம் கட்டடத்தின் உடைமையாளர்மேலும் குடியிருப்போர்மேலும் வைத்துள்ளது. கட்டியவர் சாவியைக் கொடுத்துவிட்டுச் சென்றபின் அப்பொறுப்பு நம்முடையது. நாளை நாம் பொறுப்பேற்கப் போகும் பொருளை இன்று நாம் பார்க்கக் கேட்பது தவறாகுமா? பெண்ணைக் கொடுப்பதற்குமுன் பத்துப் பேரிடம் விசாரிக்கும் நாம், பெண்டு பிள்ளைகளோடு வாழ்நாள் முழுதும் உறங்கப் போகும் வீட்டை ஒருவரிடமும் விசாரியாமல் ஏற்றுக்கொள்வதா?

'எங்களுக்குப் படிப்பில்லையே, வரைபடம் எப்படிப் புரியும்?' என்பாரும் உண்டு. கீரை ஆய்ந்த அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பொறியாளர் பார்க்கட்டும். நாம் கேள்வி கேட்போம். மெயின் அணைந்தால் பம்பு ஓடுமா? தொட்டி வற்றினாலும் தீக்குத் தண்ணீர் மிஞ்சுமா? வண்டி எங்கே நிற்கும்? நடக்கமாட்டாத பாட்டி எந்த மாடியில் எங்கே ஒதுங்குவாள்? லிப்ட் நின்றபின் எந்தப் படிக்கட்டில் புகை வராது? கதவுக்குச் சாவி யாரிடம் இருக்கும்? இவற்றைக் கேட்க மெட்ரிகுலேஷனும் வேண்டியதில்லை.

ஆதலின் இச்சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கின்றோம். ஒன்று: நம்மிடையே பொறியாளர்களும், மின்பணி அறிந்தோரும், தீயணைப்புத் துறையில் இருந்தோரும் உள்ளனர். அவர்களைக் கொண்டு ஒரு சிறு குழு அமைப்போம். மறுகட்டுமானத்துக்குச் செல்லும் நம்மவர் எவரேனும் தாள்களைக் கொண்டுவந்தால், ஞாயிறன்று பாய் விரித்துப் பார்த்துக்கொடுப்போம். மற்றொன்று: தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் புதுக்கட்டடக் குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், 'குழாய் பூட்டுமுன் வரைபடத்தை எங்களுக்குக் காட்டுதல் வேண்டும்' என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் கட்டடம் இப்பொழுது ஒன்பதாம் மாடிவரை எழும்பியுள்ளது. குழாய் பூட்டும் வேலை அடுத்த மாதம் தொடங்கும். திருத்திய தாள்களை எடுத்துக்கொண்டு வேலையிடத்துக்குச் சென்று ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பை எங்களிடம் கொடுத்திருக்கின்றனர், அதனைச் செய்வோம். அம்மையாருக்குப் பதினோராம் மாடியில் வீடு ஒதுக்கப்பட்டிருக்கின்றது. அங்கே அவர் அச்சமின்றி உறங்கும் நாளைக் காண விழைகின்றோம். ஆசிரியரிடம் எழுத்துக் கற்ற பிள்ளைகள் பலர் இன்று இந்த அவையில் இளைஞர்களாக அமர்ந்திருக்கின்றீர்கள். அவர் கற்பித்த எழுத்தைக் கொண்டு நீங்கள் கவிதை படியுங்கள், கட்டுரை படியுங்கள், ஒருமுறை உங்கள் வீட்டின் வரைபடத்தையும் படியுங்கள்.